வயிறு நிறைந்தும் பசி அடங்காதது ஏன்?



தோட்டத்துச் சனத்தைப் பற்றி வெளியில் இருப்பவர்கள் சொல்லும் குறைகளில் ஒன்று நம் சாப்பாட்டைப் பற்றியது. "மூணு வேளையும் கோதுமை மா ரொட்டி. பிள்ளைகளுக்கு பிஸ்கட்டும் பைட்ஸ் பக்கெட்டும். ஒரு நாளைக்கு ஏழு தடவை சீனி போட்ட தேத்தண்ணி. சத்தானதைச் சாப்பிடத் தெரியாத சனம்" என்பார்கள். கூட்டங்களுக்கு வரும் சில பெரியவர்களும் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நம்மில் சிலரும் தலையாட்டுவோம்.

மலையிலும் இதே பேச்சுத்தான். காலையில் ரொட்டி சாப்பிட்டுவிட்டு வந்த பெண்ணுக்கு ஒன்பதரை மணிக்கே வயிறு இழுக்கிறது. "ஏம்மா, நாலு ரொட்டி தின்னுட்டுத்தானே வந்தே, அதுக்குள்ள பசியா?" என்று கங்காணி கேட்கிறார். அவளுக்கும் பதில் தெரியாது. தன் வயிற்றையே குறை சொல்லிக்கொண்டு கொழுந்தைப் பறிக்கிறாள்.

அந்தப் பெண்ணிடம் குறை எதுவும் இல்லை. குறை அவள் தட்டில் இருக்கிறது. தட்டில் என்ன விழும் என்பதைத் தீர்மானிப்பது அவள் சம்பளம், அவள் நேரம், அவள் லயத்துக்குப் பக்கத்தில் உள்ள கடை. ஆகவே இது சமையலறைப் பேச்சு மட்டும் இல்லை, சங்கத்தின் பேச்சும்தான். இதுவே என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன்.

பசியை அடக்குவது எது?

நாம் சாப்பிடும் சாப்பாட்டில் உடம்புக்குச் சக்தி தருபவை முக்கியமாக மூன்று. ஒன்று மாச்சத்து: சோறு, ரொட்டி, பாண், கிழங்கு, சீனி. இரண்டாவது கொழுப்பு: எண்ணெய், தேங்காய், மாஜரின். மூன்றாவது புரதம்: பருப்பு, கடலை, பயறு, முட்டை, மீன், கருவாடு, இறைச்சி, பால், சோயா. வேலை செய்யும் சக்தியை மாவிலும் எண்ணெயிலும் இருந்து எடுக்கலாம். ஆனால் தசை, இரத்தம், காயம் ஆற்றும் தோல், நோயை எதிர்க்கும் சக்தி, வயிற்றில் வளரும் பிள்ளை எல்லாவற்றையும் கட்டுவதற்குப் புரதம் வேண்டும். மா எவ்வளவு தின்றாலும் அந்த இடத்தை நிரப்பாது.

பசிக்கும் புரதத்துக்கும் நேரடியான தொடர்பு உண்டு. வயிறு காலியாகும்போது கிரெலின் என்ற ஒரு சுரப்பு இரத்தத்தில் கூடி, "சாப்பிடு" என்று மூளைக்குச் சொல்கிறது. சாப்பாடு குடலுக்குள் போனதும் வேறு சில சுரப்புகள் கிளம்பி, "போதும்" என்று சொல்கின்றன. அந்தப் போதும் என்ற சொல்லை உரக்கச் சொல்ல வைப்பதில் புரதம் மற்ற இரண்டையும்விட வலியது. புரதம் மெதுவாகச் செரிக்கிறது. அதைச் செரிக்க உடம்பும் கூடுதலாக வேலை செய்கிறது. வெறும் மாவும் சீனியும் சீக்கிரம் செரித்து, இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிப் பிறகு இறக்கிவிடும். இறங்கும்போது களைப்பும் பசியும் சேர்ந்து வரும். ஒன்பதரை மணிப் பசி இப்படித்தான் வருகிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2005ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், 19 பேருக்குச் சாப்பாட்டுச் சக்தியில் நூற்றுக்கு 15 பங்காக இருந்த புரதத்தை 30 பங்காக உயர்த்தினார்கள். மாச்சத்தின் பங்கைக் குறைக்கவில்லை, கொழுப்பின் பங்கை மட்டும் குறைத்தார்கள். "வயிறு கேட்கும் அளவு சாப்பிடுங்கள்" என்று விட்டார்கள். யாரும் தடுக்காமலே அவர்கள் நாளொன்றுக்கு முன்பைவிட 440 கலோரி அளவு குறைவாகச் சாப்பிட்டார்கள். வயிறு தானாகவே போதும் என்றது.

அவுஸ்திரேலியாவின் சிட்னியில் 2011இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே 22 பேருக்கு, பார்வையிலும் ருசியிலும் ஒன்றுபோலவே இருக்கும் மூன்று வகைச் சாப்பாட்டை வெவ்வேறு வாரங்களில் நான்கு நான்கு நாட்கள் கொடுத்தார்கள். ஒன்றில் புரதம் நூற்றுக்கு 10 பங்கு, இன்னொன்றில் 15, மற்றதில் 25. எது எது என்று சாப்பிட்டவர்களுக்குத் தெரியாது. 15 பங்கு கிடைத்த நாட்களோடு ஒப்பிட்டால், 10 பங்கு மட்டும் கிடைத்த நாட்களில் அவர்கள் நூற்றுக்கு 12 வீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அந்தக் கூடுதலில் பெரும்பகுதி சாப்பாட்டு வேளையில் சாப்பிட்டது இல்லை. இடையில் கொறித்தது. அதிலும் உப்பும் காரமுமான நொறுக்குத் தீனிதான் அதிகம்.

இந்த ஆய்வுக்குப் பின்னால் இருக்கும் கருத்தை ஸ்டீபன் சிம்சன், டேவிட் ராபன்ஹைமர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 2005இல் முன்வைத்தார்கள். வெட்டுக்கிளிகளை வைத்துத் தொடங்கிய ஆராய்ச்சி அது. உடம்பு தனக்குத் தேவையான புரதம் கிடைக்கும்வரை பசியை முழுதாக அணைப்பதில்லை என்பது அவர்கள் கருத்து. புரதம் குறைந்த சாப்பாடாக இருந்தால், தேடியது கிடைக்கும் என்று நம்பி இன்னும் இன்னும் தின்ன வைக்கும். உப்பும் மசாலாவும் கலந்த ருசி நாக்குக்கு இறைச்சியின், மீனின் ஞாபகத்தைத் தரும். பைட்ஸ் பக்கெட்டில் அந்த ருசி இருக்கிறது, புரதம் இல்லை. உடம்பு ஏமாந்து போகிறது.

இந்த விஷயத்தில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் விவாதம் உண்டு. சிட்னி ஆய்வில் 25 பங்கு கொடுத்தபோது, 15 பங்கைவிடக் குறைவாகச் சாப்பிட்டார்கள் என்று சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. அதாவது அளவுக்கு மேல் புரதத்தைத் திணித்துப் பயனில்லை. அளவுக்குக் கீழே போனால்தான் தொல்லை. நித்திரைக் குறைவு, மன வேதனை, கைக்கெட்டும் தூரத்தில் என்ன விற்கிறது என்பவையும் பசியை ஆட்டிவைக்கும். ஆனாலும் மா நிறைந்து புரதம் குறைந்த தட்டு பசியை நீண்ட நேரம் தாங்காது என்பதில் பெரிய சந்தேகம் இல்லை.

நம் தட்டைக் கணக்குப் பார்ப்போம்

மலைக்குப் போகும் ஒரு பெண்ணின் ஒரு நாள் சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். காலைக்கும் மத்தியானத்துக்கும் சேர்த்து 250 கிராம் கோதுமை மாவில் சுட்ட ரொட்டி. இராத்திரிக்கு 150 கிராம் அரிசிச் சோறு. ஐந்து பேருக்கு 100 கிராம் பருப்பைத் தண்ணீராகக் கரைத்த கறியில் அவள் பங்கு. கொஞ்சம் தேங்காய்ச் சம்பல். ஐந்தாறு தேத்தண்ணியில் 50 கிராம் சீனி.

100 கிராம் கோதுமை மாவில் சுமார் 10 கிராம் புரதம் இருக்கிறது. 100 கிராம் அரிசியில் 7. காய்ந்த பருப்பில் 24. சீனியில் ஒன்றுமில்லை. கூட்டிப் பார்த்தால் மாவில் 25, அரிசியில் 10, பருப்பில் 5, மொத்தம் 40 கிராம். சக்தி சுமார் 1,800 கலோரி. அந்தச் சக்தியில் புரதத்தின் பங்கு நூற்றுக்கு 9 அளவுதான் வருகிறது. சிட்னியில் ஆட்களைக் கொறிக்க வைத்த 10 பங்கைவிடவும் குறைவு.

"40 கிராம் இருக்கிறதே, போதாதா?" என்று ஒருவர் கேட்கலாம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 37 கிராம். ஆனால் அந்த 37 கிராம் என்பது முட்டை, பால் போன்ற தரமான புரதத்தை வைத்துச் சொன்னது. கோதுமையின் புரதத்தில் லைசின் என்ற ஒரு பகுதி மிகக் குறைவு. ஒன்று குறைந்தால் மற்றதையும் உடம்பால் முழுதாகப் பயன்படுத்த முடியாது. சுவர் கட்டக் கல் குவிந்திருந்தும் சீமெந்து போதாவிட்டால் வேலை நிற்பது மாதிரி. ஆகவே மாவிலிருந்து வந்த 25 கிராமை அப்படியே 25 என்று எண்ண முடியாது.

இது சாதாரணமான பெண்ணின் கணக்கு. கர்ப்பமாக இருப்பவளுக்குக் கடைசி மூன்று மாதத்தில் நாளொன்றுக்கு இன்னும் 30 கிராம் அளவு கூடுதலாக வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கும் கூடுதலாக வேண்டும். அவளும் அதே ரொட்டியைத்தான் சாப்பிடுகிறாள்.

இதன் விளைவு பிள்ளைகளின் உயரத்தில் தெரிகிறது. 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார ஆய்வின்படி, இந்த நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 31க்கு மேல். மூன்று பிள்ளைகளில் ஒரு பிள்ளை. புரதக் குறைவு மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. குடிதண்ணீர், மலசலகூடம், தாயின் இரத்தச்சோகை, நெருக்கமான லயக் காம்பராக்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் தட்டை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது.

அதற்குப் பிறகு 2022 வந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் நாட்டின் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியது. வீடுகளில் முதலில் குறைந்தது எது என்று ஒவ்வொரு தாய்க்கும் தெரியும். மாவைக் குறைக்கவில்லை, குறைக்கவும் முடியாது. முட்டை போனது, பால்மா போனது, கருவாடு போனது, பருப்பு தண்ணீரானது. பணம் இல்லாத வீட்டில் முதலில் வெளியே போவதும் கடைசியாகத் திரும்பி வருவதும் புரதம்தான்.

இருக்கிற காசில் செய்யக்கூடியவை

சம்பளம் கூடும்வரை வயிறு காத்திருக்காது. ஆகவே அடுத்த சம்பளத்திலேயே செய்து பார்க்கக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில், கடைக்குப் போகும்போது பக்கெட்டின் விலையை மட்டும் பார்க்காமல் அதில் உள்ள புரதத்தின் விலையைப் பாருங்கள். 100 கிராம் சாதாரண பிஸ்கட்டில் 7 கிராம் அளவு புரதம். 100 கிராம் பருப்பில் 24, கடலையில் 20, பயறிலும் கௌபியிலும் 24 அளவு, கச்சானில் 25, காய்ந்த சோயா மீட்டில் 50 அளவு. நெத்தலிக் கருவாட்டில் அதைவிடவும் கூட இருக்கும். ஒரு முட்டையில் 6. உங்கள் கடையின் விலையை இந்த எண்ணால் பிரித்துப் பாருங்கள். எட்டாம் வகுப்பில் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்தால் அஞ்சு நிமிடத்தில் செய்துவிடும். மலிவு என்று நினைத்து வாங்கியது எவ்வளவு விலை கூடியது என்று அப்போது தெரியும்.

இரண்டாவது, ரொட்டியை விட வேண்டாம். ரொட்டியோடு பருப்பைச் சேருங்கள். கோதுமையில் இல்லாத லைசின் பருப்பில் நிறைய இருக்கிறது. பருப்பில் குறைவானது கோதுமையில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும். வெறும் சம்பலோடு நாலு ரொட்டி சாப்பிடுவதைவிடக் கெட்டியான பருப்போடு மூன்று ரொட்டி நீண்ட நேரம் தாங்கும். அவித்த பருப்பையோ கடலை மாவையோ ரொட்டி மாவில் பிசைந்து சுடலாம். மலையில் வைத்துச் சாப்பிடவும் இலகு.

மூன்றாவது, இருக்கிற புரதத்தில் ஒரு பங்கைக் காலையில் சாப்பிடுங்கள். நம் வீடுகளில் கறி என்றால் இராத்திரிக்குத்தான். சாப்பிட்டுப் படுக்கும் நேரத்துக்கு நல்ல கறி, மலை ஏறும் நேரத்துக்கு வெறும் ரொட்டி என்றால் அது தலைகீழ். காலையில் புரதம் போனால் பகல் முழுவதும் பசி கட்டுக்குள் நிற்கும். இரவே அவித்து வைத்த கடலையில் ஒரு கோப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் பத்து மணிப் பசிக்கு பிஸ்கட் தேவைப்படாது.

நான்காவது, தேத்தண்ணி. நாம் பறிக்கும் தேயிலையை நாம் குடிக்க வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால், பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுப்பதைச் சாயம் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். சீனியை மெதுவாகக் குறையுங்கள். ஒரு நாளைக்கு 20 கிராம் சீனி குறைந்தால் மிச்சமாகும் காசு ஒரு மாதத்தில் சில முட்டைகளாகும்.

இப்படி மாற்றினால் கணக்கு எப்படி மாறும்? 50 கிராம் மாவுக்குப் பதில் 50 கிராம் பருப்பு, ஒரு முட்டை, 10 கிராம் நெத்தலி, 20 கிராம் சீனி குறைவு. புரதம் 40இலிருந்து 59 கிராமாகிறது. மொத்தச் சக்தி ஏறக்குறைய அதே 1,800 கலோரி. புரதத்தின் பங்கு 9 வீதத்திலிருந்து 12, 13க்கு ஏறுகிறது.

ஐந்தாவது விஷயம் காசைப் பற்றியதே இல்லை. யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள் என்பது. நம் லயங்களில் புருசனுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டு, சட்டியில் மிஞ்சிய குழம்பைத் துடைத்துச் சாப்பிடுபவள் தாய். மீன் துண்டு அவள் பக்கம் வருவதே இல்லை. விடிவதற்கு முன் எழும்பி, கூடை நிறையக் கொழுந்து சுமந்து, வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டுபவள் அவள்தான். ஆண் தோழர்களே, அவளுடைய முட்டையை அவள் தட்டில் நீங்களே வையுங்கள். சமத்துவத்தை மேடையில் பேசுவதற்கு முன்னால் சட்டியில் காட்டுவோம்.

இரண்டு எச்சரிக்கைகள். சிறு பிள்ளைகளின் வயிறு சிறியது. அவர்களுக்குச் சோற்றைக் குறைத்துப் புரதத்தைத் திணிக்க வேண்டாம். சோற்றோடு முட்டையோ இடித்த நெத்தலியோ கெட்டிப் பருப்போ கொஞ்சம் எண்ணெயோடு சேர்த்துக் கொடுங்கள். வளரும் பிள்ளைக்குச் சக்தியும் வேண்டும், புரதமும் வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. விளம்பரத்தில் வரும் விலை கூடிய புரத மா டின்களை வாங்கி ஏமாறவும் வேண்டாம். பருப்பும் முட்டையும் நெத்தலியும் செய்யாத எதையும் அந்த டின் நமக்குச் செய்துவிடாது.

அறிவுரை போதாது, கோரிக்கை வேண்டும்

இத்தோடு நிறுத்தினால் இந்தக் கட்டுரையும் நமக்கு நடத்தப்படும் "போசாக்கு விழிப்புணர்வு" கூட்டங்களில் ஒன்றாகிவிடும். கம்பனிகளுக்கு அந்தக் கூட்டங்கள் பிடிக்கும். தொழிலாளிக்குத் தெரியவில்லை, சொல்லிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று சொன்னால் சம்பளத்தைப் பற்றிப் பேசத் தேவையில்லை. எந்தத் தாய்க்கு முட்டை நல்லது என்று தெரியாது? தெரிந்தும் வாங்க முடியாதவளிடம் முட்டையின் அருமையைப் பற்றிப் படம் காட்டுவது அவமானம்.

நம்மவர்களிலும் சிலர், "எங்க தாத்தா பாட்டியெல்லாம் ரொட்டி தின்னுதானே இந்த மலையை வெட்டினாங்க" என்பார்கள். வெட்டினார்கள், உண்மை. எத்தனை பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வெட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல பத்தாண்டுகளாகத் தோட்டப்புறத்தின் சிசு மரணம் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட மிக அதிகமாக இருந்தது. 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினியால் சனம் செத்ததைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். தாங்கிக்கொண்டார்கள் என்பது போதுமான சாப்பாடு இருந்ததற்குச் சாட்சி இல்லை.

இன்னும் சிலர், "முதல்ல சம்பளத்தைக் கேப்போம், முட்டையைப் பிறகு பாப்போம்" என்பார்கள். முட்டைதான் சம்பளம் என்பது என் பதில். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும், 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாகவும் வந்தது. ஒவ்வொரு தடவையும் பேச்சு ரூபாயில் தொடங்கி ரூபாயிலேயே முடிந்தது. அந்த ரூபாய் ஐந்து பேரின் தட்டில் எத்தனை கிராம் பருப்பாக, எத்தனை முட்டையாக விழுகிறது என்ற கணக்கை நாம் மேசையில் வைக்கவில்லை என்றால், விலை ஏறும் ஒவ்வொரு மாதமும் நம் வெற்றி கரைந்துபோகும்.

ஆகவே சங்கம் முன்வைக்க வேண்டியவை என்று நான் நினைப்பவை இவை.

ஒன்று, இனி வரும் ஒவ்வொரு சம்பளப் பேச்சிலும், சம்பள நிர்ணய சபையிலும், ஒரு குடும்பத்தின் உணவுக் கூடையைக் கலோரியில் மட்டும் கணக்கிடாமல் புரதத்திலும் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். மாவாலும் சீனியாலும் கலோரியை மலிவாக நிரப்பிவிடலாம். அப்படி நிரப்பிய கணக்கைக் காட்டி, "போதுமான சம்பளம்" என்று சொல்ல இடம் கொடுக்கக் கூடாது.

இரண்டு, ஒவ்வொரு பிள்ளைக் காம்பராவிலும் தினமும் ஒரு புரத உணவு. ஒரு நாள் முட்டை, ஒரு நாள் கடலை, ஒரு நாள் பயறு. தாய் மலையில் நிற்கும் நேரத்தில் பிள்ளை சாப்பிடுவது தோட்டத்தின் பொறுப்பு. அந்தத் தாயின் கொழுந்து இல்லாமல் தொழிற்சாலை ஓடாது.

மூன்று, திரிபோஷ தட்டுப்பாடு இல்லாமல் வர வேண்டும். சோளமும் சோயாவும் கலந்த அந்த மா கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் அரசாங்கம் தரும் உரிமை. வராத மாதத்தை குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டு, திகதியோடு எழுதி, தோட்டக் கமிட்டி மூலம் மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். வந்ததை அந்தத் தாயும் பிள்ளையுமே சாப்பிட வேண்டும். முழு வீட்டுக்கும் பங்கு வைத்தால் யாருக்கும் போதாது.

நான்கு, லயத்துக்குப் பக்கத்தில் கோழிக் கூட்டுக்கும் மாட்டுப் பட்டிக்கும் மரக்கறிப் பாத்திக்கும் நிலம். தரிசாகக் கிடக்கும் மலைகள் எத்தனை என்று ஒவ்வொரு தோட்டத் தலைவருக்கும் தெரியும். நாலு கோழி வளர்க்க ஓர் இடத்தைக் கொடுப்பது யாரையும் கெடுக்காது.

ஐந்து, கூட்டுறவுச் சங்கம் இயங்கும் தோட்டங்களில் பருப்பு, கடலை, சோயா, முட்டை ஆகியவற்றை மொத்தமாக வாங்கி வாங்கிய விலைக்கு நெருக்கமாக விற்க வேண்டும். கூட்டுறவு இல்லாத இடங்களில் பத்து வீடுகள் சேர்ந்து மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. மாதர் சங்கம் நினைத்தால் அடுத்த சம்பளத்திலேயே தொடங்கலாம்.

ஆறு, உட்கார்ந்து சாப்பிட நேரமும் இடமும். பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் நின்றபடி ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்து விழுங்குவதும், மழையில் செடிக்கு நடுவில் குந்தி இருந்து சாப்பிடுவதும் சாப்பாடு இல்லை. கை கழுவத் தண்ணீரும் கூரையும் உள்ள ஓய்விடம் ஒவ்வொரு மலைக்கும் வேண்டும்.

உலகத்தில் வசதியானவர்கள் மெலிவதற்காகப் புரதத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். நாம் பேசுவது வேறு காரணத்துக்காக. மத்தியான நிறுவை வரைக்கும் கால் நடுங்காமல் நிற்க வேண்டும். நம் பிள்ளைகள் அவர்களுக்கு உரிய உயரத்துக்கு வளர வேண்டும். நாற்பது வயதில் சீனி வருத்தமும் பிரஷரும் வந்து கிளினிக் வரிசையில் நிற்காமல் இருக்க வேண்டும்.

தோட்டக் கமிட்டித் தலைவர்களே, தலைவிகளே, அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒரு காரியம் செய்யுங்கள். ஐந்து வீடுகளைத் தெரிவு செய்யுங்கள். ஒரு நாள் முழுவதும் அந்த வீட்டில் யார் யார் என்ன சாப்பிட்டார்கள், எத்தனை ரூபாய் செலவானது, தாயின் தட்டில் கடைசியாக என்ன இருந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெயர் வேண்டாம், கணக்கு போதும். அதை மாவட்டப் பிரதிநிதியிடம் கொடுங்கள். நூறு தோட்டங்களில் இருந்து அப்படி ஐந்நூறு தாள்கள் வந்தால், அடுத்த பேச்சுவார்த்தைக்கு நம் ஆட்கள் வெறுங்கையோடு போக மாட்டார்கள். "சத்தானதைச் சாப்பிடத் தெரியாத சனம்" என்று சொல்பவர்களுக்கு முன்னால் அந்தத் தாள்களை விரித்து வைப்போம். வாங்க முடியாமல் வைத்தது யார் என்று அவர்கள் பதில் சொல்லட்டும்.